உருப்படி நான்கு

ஜங்ஷன் ரயில்வே போலீஸ் ஸ்டேஷனில்
என்னை எல்லோரும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
பதினோரு வருஷமாக எழுதுகிறேன்.
ஒரு வரிகூடச் சொந்தச் சரக்கு இல்லை.

நேற்று ராத்திரி எழுதியது இது:
ஒன்று, நீலக் கைப்பை, வார் அறுந்தது.
இரண்டு, ரொக்கம் அறுநூற்று நாற்பது.
மூன்று, எவர்சில்வர் டிபன் பாக்ஸ், உள்ளே பாதி எலுமிச்சை சாதம்.
நான்கு, துப்பறியும் நாவல், புதுசு,
போன மாதம் அச்சானது, நூற்று நாற்பத்துநான்கு பக்கம்,
எண்பத்துமூன்றில் ஓரம் மடங்கியிருக்கிறது.

மடக்கியவன் லாக்கப்பில் இருக்கிறான்.
வெயிலுமுத்து, வயது இருபத்தாறு.
திருச்செந்தூர் பாசஞ்சரில்
செய்துங்கநல்லூர் தாண்டியதும் பையை எடுத்தான்,
பெட்டி மாறினான்.
தாத்தான்குளத்தில் இறங்கி
வாழைக்குள் மறைந்துவிடுவது திட்டம்.
எட்டு நிமிஷம் இருந்தது. பையைத் துழாவினான்.
புத்தகம் கையில் வந்தது.
முதல் வரியிலேயே சுத்தமல்லி அணைக்கட்டில்
ஒரு பிணம் ஒதுங்குகிறது,
இடது காலில் மட்டும் செருப்போடு.

தாத்தான்குளம் போயிற்று.
ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி.
நாசரேத்தில் பைக்காரி விழித்துக் கத்தியதும்
அவன் காதில் விழவில்லை.
திருச்செந்தூரில் எல்லாரும் இறங்கி
பெட்டியைப் பெருக்க ஆள் வந்தபிறகும்
ஜன்னலோரம் உட்கார்ந்து
பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.
தோளில் கை வைத்த போலீஸ்காரரிடம்
"செத்தப் பொறுங்க சார்" என்றானாம்.

"ஏம்ல எறங்கல?"
"இந்த அத்தியாயம் முடியட்டும்னு இருந்தேங்க்கா."
இதை எழுதினால் இன்ஸ்பெக்டர் என்னைத்தான் விசாரிப்பார்.
'அயர்ந்து உறங்கிவிட்டேன்' என்று எழுதினேன்.
பதினோரு வருஷத்தில் என் முதல் கற்பனை.

பத்தரைக்கு போன். பைக்காரி பிரிஸ்கில்லா,
பாளையங்கோட்டையில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை.
ரொக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
"புக்கு பத்திரமா இருக்கா மேடம்? அம்பத்திரண்டுல நிக்கேன்."
படிக்கும்போதா உறங்கினீங்க?
"ரெண்டு டூட்டி சேத்துப் பாத்தேன்,
அதுமேல பழியப் போடாதீங்க."

உருப்படியைச் சரிபார்ப்பது என் கடமை.
பதினொன்றரைக்குச் சரிபார்க்க ஆரம்பித்தேன்.

குறை சொல்லாமல் இருக்க முடியாது.
இதில் ரசாயன ரிப்போர்ட் மூணு மணி நேரத்தில் வருகிறது;
நாங்கள் ஆடியில் அனுப்பிய குடல்
இன்னும் ஜாடியில் இருக்கிறது.
இன்ஸ்பெக்டர் ஒரு ஆளே ஓடுகிறார், சுடுகிறார், காதலிக்கிறார்;
எஃப்.ஐ.ஆரை யார் எழுதினாரென்று ஒரு வார்த்தை கிடையாது.
சுத்தமல்லியில் ஒதுங்கிய பிணத்தைத்
தள்ளிவிட்டது கொக்கிரகுளத்திலாம்;
எங்கள் ஆறு என்றைக்கு மேற்கே ஓடியது?

ஆனால் அந்தச் செருப்பு.
யாரும் பதிவு செய்யாமல்
ஸ்டேஷன் மேஜைக்கடியில் அதைத் தள்ளிவிடுகிறார்கள்.
செத்தவளின் தங்கச்சி வந்து
அளவு பார்ப்பதுபோல் தன் காலை
நுழைத்துப் பார்க்கிறாள்.
அந்தப் பக்கத்தில் நிறுத்தி,
தண்டவாளத்தில் நான் பொறுக்கிய செருப்புகளை
எண்ணிப் பார்த்தேன்.
இருபதுக்குமேல் எண்ணவில்லை.
இதை எழுதினவர் ஏதோ ஒரு ஸ்டேஷன் பெஞ்சில்
ஒரு பகலாவது காத்துக் கிடந்திருக்கிறார்.

"யாருக்கா கொன்னது? கம்பவுண்டர்தானே?"
கம்பிக்குள்ளிருந்து குரல்.
வழக்கு விசாரணையில் இருக்கிறது என்றேன்.
நாகர்கோவில் வண்டி ஒன்று
ஜன்னல் கண்ணாடியை உலுக்கிவிட்டுப் போனது.
விடியுமுன் முடித்தேன்.
அவன் மடக்கிய ஓரத்தை நிமிர்த்தாமல்
உறையிலிட்டு அரக்கு வைத்தேன்.

காலையில் கோர்ட்டுக்கு ஏற்றும்போது
வேன் படியில் திரும்பி நின்றான்.
"கொலைகாரன் யாருன்னு சொல்லாண்டாம்.
அந்த நாய் சாவாதுல்லா?"

"சாவாதுடே, ஏறு."

நூற்று இருபத்தொன்பதாம் பக்கத்துக்கு
அவன் வந்து சேரும்வரைக்கும்
அது உயிரோடுதான் இருக்கும்.